பிலிப்பைன்சில் இல்லாத பிலிப்பைன்ஸ் பறவை

தூக்கணாங்குருவிக்கு அறிவியல் உலகம் வைத்திருக்கும் பெயர் பிளோசியஸ் பிலிப்பைனஸ். பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கும் இந்தப் பறவைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நாமக்கல் பக்கத்து மல்லசமுத்திரத்தில் உண்டு, திருச்செங்கோட்டில் உண்டு, ஆட்டையாம்பட்டியில் உண்டு. பாகிஸ்தானில் தொடங்கி இந்தியா, நேபாளம், இலங்கை, பர்மா, தாய்லாந்து வழியாக ஜாவா, பாலி வரைக்கும் உண்டு. பேரில் இருக்கிற ஊரில் மட்டும் இல்லை.

இந்தக் கூத்து பாரிசில் தொடங்கியது. 1760-இல் மாத்துரேன் பிரிசோன் என்ற பிரெஞ்சுப் பறவை அறிஞர் பல தொகுதிகளில் ஒரு பறவை நூலை வெளியிட்டார். கப்பல்களில் வந்து சேர்ந்த பாடம் செய்த தோல்களையும் இறகுகளையும் பார்த்து எழுதிய நூல் அது. அதில் ஒரு மஞ்சள் தலைப் பறவைக்குப் 'பிலிப்பைன்ஸ் தடித்த அலகன்' என்ற பொருளில் பேர் வைத்திருந்தார். ஆறு வருடம் கழித்து, 1766-இல், சுவீடனின் லின்னேயஸ் தன் பெரும் பட்டியலின் 12-ஆம் பதிப்பில் அதை அப்படியே எடுத்து லாக்சியா பிலிப்பைனா என்று பதிந்தார். பின்னால் வந்தவர்கள் பிழையைக் கண்டுபிடித்து, மூல இடம் இலங்கை என்று திருத்தினார்கள். ஆனால் விலங்குப் பெயரிடலில் முன்னுரிமை என்று ஒரு விதி இருக்கிறது. முதலில் முறையாக அச்சேறிய பெயர் பொருளில் தப்பாக இருந்தாலும் செல்லும். பத்திரத்தில் ஊர் பேரைத் தவறாக எழுதிப் பதிவு செய்துவிட்ட காடு மாதிரி, இடம் திருத்தப்பட்டது, பேர் திருத்தப்படவில்லை.

1816-இல் குவியே என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் நெசவுப் பறவைகளுக்காக பிளோசியஸ் என்ற பேரினத்தை உண்டாக்கினார். அறுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட அந்தப் பேரினத்தில் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவில் இருக்கின்றன. ஆசியாவில் ஐந்தே ஐந்துதான். இருந்தும், மொத்தப் பேரினத்துக்கும் அளவுகோலாக வைக்கப்பட்ட மாதிரி இனம் நம் பனைமரத்துக் குருவி. கென்யாவில் ஒருவர் புதிதாக ஒரு நெசவுக் குருவியைக் கண்டுபிடித்து அது பிளோசியஸா என்று முடிவு செய்ய வேண்டுமென்றால், கடைசியில் அதை ஒப்பிட வேண்டியது தூக்கணாங்குருவியோடுதான்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்த அறிமுகமெல்லாம் தேவைப்பட்டிருக்கவில்லை. குறுந்தொகையின் 374-ஆம் பாட்டில் உறையூர்ப் பல்காயனார், நெடிய பனையில் இந்தக் குருவி பின்னிய கூட்டை ஊராரின் மயக்கத்துக்கு உவமையாக வைத்திருக்கிறார். பறவை, பனை, பின்னல் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிற அந்தக் கவனிப்பு, லின்னேயசுக்குப் பல நூறு ஆண்டு முந்தையது. விவேக சிந்தாமணியில் மழையில் நனையும் குரங்குக்குப் புத்தி சொல்லப் போய் இந்தக் குருவி கூட்டை இழந்த கதையைப் பள்ளிக்கூடத்தில் படிக்காதவர்கள் குறைவு.

மல்லசமுத்திரம் இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. 1997 ஜனவரி 1 வரை சேலம் மாவட்டம். பருத்தி ஏலத்துக்குப் பேர் போன ஊர். சுற்றிலும் மானாவாரி மேட்டாங்காடு, கிணற்றுப் பாசனத் தோட்டம், ஏரி, வடக்கே சேர்வராயன் மலையில் இருந்து சேலம் வழியாக இறங்கி வரும் திருமணிமுத்தாறு. தூக்கணாங்குருவிக்கு வேண்டியது என்ன என்று பட்டியல் போட்டால் இந்த ஊரின் பழைய நிலப்படமே வந்துவிடும். கூட்டைத் தொங்கவிட உயரமான பனை, அல்லது கிணற்று ஓரத்தில் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கிளை. நார் கிழிக்க நெல், கரும்பு, கோரை, நீண்ட புல். தின்னச் சோளமும் கம்பும். குஞ்சுக்கு ஊட்டப் புழு, வெட்டுக்கிளி.

கூடு கட்டுவது ஆண். இலையின் ஓரத்தில் அலகால் ஒரு வெட்டு வெட்டி, அதைப் பிடித்தபடி பறந்தால் நார் தானாகக் கிழிந்துகொண்டே வரும். ஒரு சாணிலிருந்து ஒன்றேகால் முழம்வரை நீளமுள்ள நார்கள். ஒரு கூட்டை முடிக்க ஐந்நூறு நடைவரை போய்வரும். முதலில் ஓலை நுனியில் முடிச்சு, அதிலிருந்து ஒரு வளையம், வளையத்தின் ஒரு பக்கம் கூடு அறை, மறுபக்கம் நுழைவுக் குழாய். குழாய் பின்னப்படாத பாதிக் கட்டத்தில், கவிழ்த்த தொப்பி போல் தொங்கும்போதுதான் பெண் வந்து பார்க்கும். பிடித்தால் உட்காரும், பிடிக்காவிட்டால் அடுத்த மரம். பெண் ஒத்துக்கொண்ட பிறகே ஆண் மீதியைக் கட்டும். பனந்தோப்புகளில் பாதியில் நிற்கும் கூடுகள் நிறைய தொங்குவதற்கு இதுதான் காரணம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்கேயிருந்து அடிப்பதால் பெரும்பாலான கூடுகள் மரத்தின் கிழக்குப் பக்கமாக இருக்கும். உழவு மாடு ஓட்டியவர்கள் திசை பார்க்க இதைப் பயன்படுத்தினார்கள் என்று சொல்வார்கள். நம்பலாம், பொய்யாக இருக்க அவசியமில்லை.

அறையின் உட்சுவரில் ஈரக் களிமண் அப்பியிருக்கும். எதற்கு? மின்மினியை ஒட்டி விளக்கேற்ற என்பது நாடு முழுக்க உள்ள கதை. அச்சில் வந்த பழைய பதிவுகளில் ஒன்று 1790-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் நடத்திய ஆசியச் சங்கத்தின் ஆய்விதழ் இரண்டாம் தொகுதியில், டெல்லியைச் சேர்ந்த அத்தர் அலி கான் இந்தப் பறவையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வளர்ப்பவர் கையசைத்தால், ஆழக் கிணற்றில் போட்ட மோதிரம் தண்ணீரைத் தொடுமுன் பாய்ந்து கவ்விக்கொண்டு வரும் என்று அதில் எழுதியிருக்கிறார். அக்பர் கால அயினி அக்பரியிலும் பழக்கிய பயா குருவியைப் பற்றிய குறிப்பு உண்டு. வடக்கே பயா என்றால் இதுதான். ஆக, ஐரோப்பியர்கள் தோலை வைத்துப் பேர் சூட்டிக்கொண்டிருந்தபோது, உயிரோடிருக்கும் குருவியைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவர் ஒரு இந்தியர்.

மின்மினிக் கதையில் நம்பிக்கை வைக்காத முதல் ஆட்களில் ஒருவர் தாமஸ் ஜெர்டன். மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக 1836-இல் வந்தவர். தென்னிந்தியப் பறவைகளின் முதல் முறையான பட்டியலை 1839, 1840 வாக்கில் எழுதியவர். தமிழ், தெலுங்குப் பேர்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இருந்தது. அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களில் அது அபூர்வம். ரங்கூனில் ஒரு கூட்டைப் பிரித்துப் பார்த்தபோது ஆறு இடங்களில் அப்பிய மண் மொத்தம் மூன்று அவுன்ஸ், அதாவது சுமார் 85 கிராம் இருந்தது என்று எழுதினார். காற்றில் கூடு அலையாமல் நிற்க இந்தப் பாரம் உதவும் என்பது அவர் கணிப்பு. ஒரு சின்னக் குருவி தன் எடையைப் போல் மூன்று மடங்குக்கு மேல் மண் சுமந்திருக்கிறது என்பதே போதுமான அதிசயம். மின்மினி எதற்கு?

ஜெர்டன் பேர் இந்தப் பக்கத்து மலைகளில் இன்றும் வழங்குவது வேறொரு பறவையால். பாறையும் புதருமாக உள்ள சரிவுகளில் மட்டும் வாழும் மஞ்சள்தொண்டைச் சின்னானை 1840-களில் அவர்தான் அறிவுலகத்துக்கு அறிமுகம் செய்தார். தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. சேர்வராயனிலும் கொல்லிமலையிலும் இருக்கிறது. அது வாழும் பரப்பு சின்னதாக இருப்பதால் கிளை இனமாகப் பிரிக்க யாருக்கும் வேலை இல்லை. தூக்கணாங்குருவி போல அரை ஆசியாவில் பரவிய பறவைக்குத்தான் அந்தத் தொல்லை.

கிளை இனம் என்றால் என்ன? ஒரே இனப் பறவை ஒரு ஊரில் கொஞ்சம் கறுப்பாகவும் இன்னொரு ஊரில் வெளுப்பாகவும் இருந்தால், இரண்டுக்கும் மூன்றாவதாக ஒரு சொல் சேர்த்துப் பேர் வைப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் இந்த வழக்கம் கிடையாது. ஓட்சும் பிளான்ஃபோர்டும் 1889 முதல் 1898 வரை நான்கு தொகுதிகளில் எழுதிய பிரிட்டிஷ் இந்தியப் பறவை நூலில் எல்லாப் பேரும் இரண்டே சொல். அமெரிக்கர்கள் 1886-லேயே மூன்று சொல் முறையைத் தங்கள் அதிகாரப் பட்டியலில் ஏற்றிக்கொண்டார்கள். அங்கே பாடும் சிட்டு என்ற ஒரே பறவைக்கு இருபதுக்கும் அதிகமான கிளை இனங்கள் உண்டு. இந்தியாவுக்கு இந்த மோகம் வந்தது ஸ்டூவர்ட் பேக்கரின் மறுபதிப்பில், 1922 முதல் 1930 வரை எட்டுத் தொகுதிகளில். பேக்கர் அசாமில் போலீஸ் அதிகாரியாக இருந்தவர். இந்தியப் பறவை வரலாற்றில் போலீஸ்காரர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் அதுவே தனிக் கட்டுரை ஆகும்.

அடுத்தவரும் போலீஸ்காரர்தான். ஹியூ விஸ்லர், பஞ்சாப் காவல்துறையில் பணி, ஓய்வு பெற்றபின் இங்கிலாந்தில் வாசம். சேலம் சமவெளி இந்தக் கதைக்குள் நுழைவது அவர் மூலமாக.

1929-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் கிழக்குத் தொடர்ச்சி மலையை ஆராயக் கிளம்பியது. மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றி அலமாரி நிறைய எழுதியிருந்தார்கள். கிழக்கே, சேர்வராயன், சித்தேரி, பாலகொண்டா, நல்லமலை, கோதாவரிப் பள்ளத்தாக்கு என்று துண்டு துண்டாக நிற்கும் மலைகளைப் பற்றித் தெரிந்தது சொற்பம். செலவை ஏற்றவர் ஆர்தர் வெர்னே, நியூயார்க்கில் பழம்பொருள் வியாபாரம் செய்த ஆங்கிலேயர். களத்தில் பறவைகளைச் சுட்டுத் தோலுரித்துப் பாடம் செய்தவர் சங்கத்தின் ஊழியர் லா பெர்சோன். சேர்வராயன் மலையிலும், அடிவாரத்தில் சேலத்தை ஒட்டிய குரும்பப்பட்டியிலும் முகாம் போட்டார்கள். இன்று சேலத்துக் குழந்தைகள் மான் பார்க்கப் போகும் உயிரியல் பூங்கா இருக்கிற குரும்பப்பட்டிதான்.

தோல்கள் கப்பலேறி லண்டன் போயின. விஸ்லரும், ஒருகாலத்தில் பம்பாய்ச் சங்கத்தின் காப்பாளராக இருந்து பிறகு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போன நார்மன் கின்னியரும் அவற்றை வரிசையாக அடுக்கிவைத்து, இறக்கை நீளம், அலகு நீளம், முதுகின் நிறம் என்று அளந்தார்கள். அறிக்கை 1930 முதல் 1937 வரை சங்கத்தின் இதழில் பகுதி பகுதியாக வந்தது. தென்னிந்தியப் பறவைகளின் கிளை இனப் பிரிவினைக்கு அது இன்றும் அடிக்கல். கிழக்குத் தொடர்ச்சி மலையின் வளைந்த அலகுச் சிலம்பனுக்கு 1936-இல் 'மதராசப்பட்டணத்து' என்று பொருள்படும் கிளை இனப் பேரை விஸ்லர் வைத்தார். அதே ஆண்டில் கேரளப் பக்கத்துத் தூக்கணாங்குருவி முதுகில் கூடுதலாகக் கறுத்திருப்பதைப் பார்த்து 'திருவிதாங்கூர்' கிளை இனமாகப் பிரித்தார்.

அப்படிப் பிரித்த பிறகு, மல்லசமுத்திரத்துக் குருவி எந்தப் பக்கம்? பிலிப்பைனஸ் பிலிப்பைனஸ். தப்பான ஊர்ப் பேர் இரண்டு முறை. விதிப்படி, ஒரு இனம் பிரிக்கப்படும்போது முதலில் பேர் வைக்கப்பட்ட கூட்டம் அதே சொல்லை இரட்டித்துக்கொள்ளும். பாலக்காட்டுக் கணவாய்க்கு மேற்கே போனால் திருவிதாங்கூர். கிழக்கே தமிழ்நாடு, இலங்கை முதல் வடக்கே பாகிஸ்தான் வரை பிலிப்பைனஸ். பர்மாப் பக்கம் 1932-இல் டைஸ்ஹர்ஸ்ட் பிரித்த பர்மானிகஸ். அதில் ஆணுக்குத் தலை மட்டும் மஞ்சள், நெஞ்சு வெளிர்ப் பழுப்பு. மலாய், ஜாவாவுக்கு 1902-இல் ஹார்ட்டர்ட் வைத்த பேர். தாய்லாந்துக்கு 1956-இல் டெய்னன் வைத்தது. ஆக ஐந்து.

நம் பக்கத்து ஆணுக்கு இனப்பெருக்கக் காலத்தில் உச்சந்தலையும் நெஞ்சும் பளீர் மஞ்சள், கண்ணைச் சுற்றிக் கரும்பழுப்பு முகமூடி. பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம் பிடித்த பறவையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்கூடப் பழகிய கண்ணுக்கே வேறுபாடு தெரியச் சிரமப்படும். இந்தச் சிக்கலுக்குத்தான் 1949-இல் டீன் அமடோன் எழுபத்தைந்து சதவீத விதி என்று ஒன்றை விளக்கி எழுதினார்: ஒரு கூட்டத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து பறவையாவது மற்ற கூட்டத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடிகிற மாதிரி இருந்தால்தான் கிளை இனம் என்று பேர் வைக்கலாம். நான்கே ஆண்டில், 1953-இல், வில்சனும் பிரவுனும் இந்த மூன்றாவது பேரே வேண்டாம் என்று வாதிட்டார்கள். பறவையின் நிறம் ஊருக்கு ஊர் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது, அதில் கோடு போடுவது மனிதனின் வசதி என்பது அவர்கள் கட்சி. தூக்கணாங்குருவியைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. கோடு எங்கே விழுந்தது என்பதில் பறவைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, முகாம் போட்டவர் எந்த மலையடிவாரத்தில் போட்டார் என்பதற்கும் அவ்வளவு பங்கு உண்டு. குரும்பப்பட்டியில் கூடாரம் போட்டவர்களின் கண் மலை மேலே இருந்தது. தெற்கே மல்லசமுத்திரம், ராசிபுரம், பரமத்தி என்று நீளும் சோளக்காட்டுச் சமவெளி அவர்களுக்கு வழியில் கடக்க வேண்டிய இடம்.

லா பெர்சோன் சேலத்துப் பக்கம் துப்பாக்கியோடு அலைந்ததை அடுத்து, 1930-இல், மேற்குக் கரையில் கீஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் வேலை இல்லாமல் ஒருவர் தூக்கணாங்குருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெர்லினில் படித்துத் திரும்பி, பம்பாய் அருங்காட்சியகத்தில் இருந்த வழிகாட்டி வேலையும் போய், வேறு வேலை கிடைக்காத சலீம் அலி. ஒரு ஆண் வரிசையாகப் பல கூடுகள் கட்டுகிறது, ஒவ்வொன்றையும் ஒரு பெண் வந்து எடுத்துக்கொள்கிறது, ஒரு பெண் முட்டையில் உட்கார்ந்ததும் ஆண் அடுத்த கூட்டை ஆரம்பிக்கிறது என்று அவர் கண்டு 1931-இல் எழுதினார். அதுவரை அறிஞர்கள் எழுதாத விஷயம். அளவுகோலை நூறு தோலில் வைத்தாலும் இது கிடைத்திருக்காது. சலீம் அலி விஸ்லரின் நண்பர். திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளை அவர் 1933-இல் ஆராய்ந்தபோது தோல்களைச் சரிபார்த்துக் குறிப்பு எழுதியவர் விஸ்லரே. தோலை அளக்கும் முறையும் உயிருள்ள பறவையைப் பார்க்கும் முறையும் ஒன்றையொன்று விரோதித்துக்கொள்ளவில்லை.

குடும்ப வழக்கு இன்னொரு தலைவலி. நம் வீட்டு முற்றத்துச் சிட்டுக்குருவியும் தூக்கணாங்குருவியும் ஒரே குடும்பமா? 1927-இல் ரஷ்யரான சுஷ்கின் எலும்பையும் அண்ணத்தையும் ஒப்பிட்டு இரண்டும் நெருங்கிய சொந்தம் என்றார். சலீம் அலியும் ரிப்ளியும் எழுதிய பத்துத் தொகுதிக் கையேட்டில் சிட்டுக்குருவி நெசவுக் குருவிகளின் குடும்பத்துக்குள் இருக்கிறது. 1990-இல் சிப்லியும் ஆல்க்விஸ்ட்டும் மரபணுவை ஒப்பிட்டுவிட்டுத் தலைகீழாக மாற்றி, நெசவுக் குருவிகளைச் சிட்டுக்குருவிக் குடும்பத்துக்குள் போட்டார்கள். இப்போது இரண்டும் தனித்தனிக் குடும்பம், சுமாரான தூரத்துச் சொந்தம்.

இதே குழப்பம் அமெரிக்காவில் முழுக்கவே வேறு வடிவம் எடுத்தது. குடியேறிய ஐரோப்பியர்கள் அங்கே கண்ட சின்னப் பழுப்புப் பறவைகளுக்கெல்லாம் ஊர் ஞாபகத்தில் சிட்டு என்றே பேர் வைத்துவிட்டார்கள். அவை நம் சிட்டுக்குருவிக்குச் சொந்தமே இல்லை. அசல் சிட்டுக்குருவியை 1850-களில் புரூக்ளினில் கொண்டுவந்து விட்டபோதுதான் அது அந்தக் கண்டத்தில் கால் வைத்தது.

அந்த அமெரிக்கச் சிட்டுகளில் சதுப்பில் வாழும் கூர்வால் சிட்டு ஒன்று உண்டு. சதுப்புப் புல்லுக்குள் ஓடித் திரியும் பறவை. 1788-இல் க்மெலின் பேர் வைத்தார். 1875-இல் ஆலன், சிகாகோ அருகே சதுப்பில் கிடைத்த ஒன்றுக்கு நெல்சன் என்பவர் பேரைச் சேர்த்தார். உள்நாட்டுப் புல்வெளிகளில் ஒரு கூட்டம், கனடாவின் ஜேம்ஸ் குடாக் கரையில் ஒரு கூட்டம், கிழக்குக் கடற்கரையில் மூன்று கூட்டம் என்று ஐந்து கிளை இனங்களாக நூறு ஆண்டுக்கு மேல் ஒரே இனமாக இருந்தது. பாட்டையும் மரபணுவையும் ஆராய்ந்தவர்கள் 1993-இல் இரண்டு இனம் என்றார்கள். 1995-இல் அமெரிக்கப் பறவையியலாளர் சங்கம் ஒத்துக்கொண்டது. மூன்று கிளைகள் நெல்சன் சிட்டாகவும், மெயின் முதல் வர்ஜீனியா வரையுள்ள இரண்டு கிளைகள் உப்புச்சதுப்புச் சிட்டாகவும் பிரிந்தன. மெயினிலிருந்து மாசசூசெட்ஸ் வரை இரண்டும் கலந்து குஞ்சு பொரிக்கின்றன. அதையும் மீறித்தான் பிரிவு. பிரித்ததால் ஒரு பலன் கிடைத்தது. கடல் மட்டம் ஏற ஏற அலையில் கூடு மூழ்கி, உப்புச்சதுப்புச் சிட்டு வேகமாகக் குறைந்துவருவது தனியாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

அதன் சொந்தக்காரப் பறவை ஒன்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஃபுளோரிடாவின் மெரிட் தீவிலும் செயின்ட் ஜான்ஸ் ஆற்றங்கரையிலும் மட்டும் இருந்த கரிய கடலோரச் சிட்டை 1873-இல் ரிட்ஜ்வே தனி இனமாக விவரித்தார். கொசு ஒழிப்புக்காகச் சதுப்பில் கரை கட்டித் தண்ணீர் தேக்கினார்கள், டிடிடி தெளித்தார்கள், சாலை போட்டார்கள். 1973-இல், பறவை கிட்டத்தட்ட முடிந்துபோகும் நேரத்தில், அதைப் பொதுவான கடலோரச் சிட்டின் கிளை இனம் என்று தரம் இறக்கினார்கள். பெண் பறவை ஒன்றைக் கடைசியாகப் பார்த்தது 1975-இல். மிஞ்சிய ஆண்களைப் பிடித்து வளர்த்தார்கள். கடைசி ஆண் 1987 ஜூன் 17 அன்று டிஸ்னி உலகத்துக் கூண்டில் செத்தது. இரண்டு ஆண்டு கழித்து மரபணு ஆராய்ச்சி, அது அக்கம்பக்கக் கடலோரச் சிட்டுகளிடமிருந்து பெரிய வேறுபாடு இல்லாதது என்றது. அப்படியானால் இழப்பு சின்னதா? அந்தச் சதுப்பில் அந்தக் கரிய பறவை இல்லை என்பது மட்டும் மாறவில்லை.

இந்தியாவில் இதற்கு நேரான கதை தூக்கணாங்குருவியின் சொந்தக்காரனிடம் நடந்தது. 1869-இல் ஹியூம், நைனிடால் அடிவாரத்துக் காலாதுங்கியில் கிடைத்த ஒரு பெரிய அலகு நெசவுக் குருவியை விவரித்தார். காங்கிரஸ் கட்சியைத் தொடங்கிய அதே ஹியூம். 82,000 பறவைத் தோலும் முட்டையும் 1885-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவர். அந்தக் குருவி பிறகு கண்ணில் படாமல் போய், ஃபிராங்க் ஃபின் கல்கத்தாவில் திரும்பக் கண்டதால் ஃபின் நெசவுக் குருவி என்றானது. மீண்டும் மறைந்த அதை 1959-இல் குமாவூன் தராயில் சலீம் அலி திரும்பக் கண்டுபிடித்தார். 1960-இல் ஹுமாயூன் அப்துலலி கிழக்குப் பக்கத்துக் கூட்டத்தைச் சலீம் அலியின் பேரால் கிளை இனமாகப் பிரித்தார். தராயின் புல்வெளிகள் உழப்பட்டுவிட்டதால் அந்தக் குருவி இன்று அழியும் ஆபத்திலுள்ள பட்டியலில் இருக்கிறது.

தூக்கணாங்குருவிக்கு அந்த நிலை இல்லை. உலகப் பட்டியலில் அது கவலைப்பட வேண்டாத பறவை. ஆனால் மல்லசமுத்திரம் போன்ற ஊரில் அந்த உலகக் கணக்கு என்ன செய்யும்? இந்த வட்டாரத்தின் நிலம் ஒரு தலைமுறையில் மாறியது. 1943-இல், போரால் இறக்குமதி நின்றபோது தொடங்கிய ஜவ்வரிசித் தொழில் சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளியை நிரப்பியது. மரவள்ளிக் காட்டில் கொத்தித் தின்ன மணியும் இல்லை, கிழித்தெடுக்க நாரும் இல்லை. முன்பு சோளம் முற்றும் நேரத்தில் பரண் மேல் உட்கார்ந்து தகரத்தைத் தட்டிக் கவண் வீசிய பையன்களுக்கு எதிரி இந்தக் குருவிதான். இப்போது எதிரியும் இல்லை, பரணும் இல்லை. திறந்த கிணறுகள் வற்றின. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய் ஆழ்குழாய் போட்டுப் பேர் வாங்கியிருக்கின்றன. சொந்த ஊரிலும் போட்டார்கள். ஆழ்குழாய்க்கு மேலே கூடு தொங்க முடியாது. தண்ணீருக்கு மேலே தொங்கும் கூட்டைப் பாம்பும் ஓணானும் எட்டாது என்பதுதான் கிணற்றின் மதிப்பு.

பனை இன்னும் நிற்கிறது. 1978-இல் மாநில மரம் ஆனது. 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். நாகப்பட்டினத்திலும் அரக்கோணம் வட்டாரத்திலும் கூடுகளை எண்ணிய ஆய்வாளர்கள், குருவி அதிகம் தேர்ந்தெடுக்கும் மரங்களில் பனைக்குத் தனி இடம் உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். குறுந்தொகைக் கவிஞர் சொன்னதை ஆய்விதழ் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

2015 முதல் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் நாட்களில் ஊர் ஊராகப் பறவை எண்ணுகிறார்கள். நல்ல வேலை. ஆனால் தூக்கணாங்குருவிக்கு அது தோதில்லாத மாதம். ஜனவரியில் ஆண் தன் மஞ்சளை உதிர்த்துப் பெண்ணைப் போல, பெண் சிட்டுக்குருவியைப் போல நிற்கும். சம்பும் நாணலும் உள்ள ஏரி ஓரத்தில் அதோடு வரி நெசவுக் குருவியும் கலந்திருக்கலாம். 1821-இல் ஜாவாப் பறவையை வைத்து ஹார்ஸ்ஃபீல்ட் பேர் சூட்டிய இனம் அது. பனையை விட்டுச் சதுப்பு நாணலில் கூடு கட்டுவது, அதாவது அமெரிக்கச் சதுப்புச் சிட்டுக்கு நம் பக்கத்து இணை. மஞ்சள் இல்லாத மாதத்தில் இரண்டையும் பிரிக்க நெஞ்சைப் பார்க்க வேண்டும். வரி நெசவுக் குருவிக்கு நெஞ்சிலும் விலாவிலும் அடர்ந்த கரிய கோடுகள் இருக்கும், தூக்கணாங்குருவிக்கு அந்த இடம் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். எண்ணிக்கையை நம்பத் தகுந்ததாக்க, மழை தொடங்கிய பின் ஆண் மஞ்சளோடு கூடு கட்டும் நேரத்தில், பனையையும் கிணற்றையும் கணக்கெடுத்தால் ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு பதிவு கிடைக்கும். பாதியில் நிற்கும் கூட்டையும் முழுக் கூட்டையும் தனித்தனியே எழுதினால், பெண்கள் எத்தனையை ஏற்றுக்கொண்டன என்பதும் சேர்ந்து தெரிந்துவிடும்.